குதிகால் மெத்தை

சங்யுனுக்கு வயது இருபது. பிறப்புச் சான்றிதழ் அப்படித்தான் சொன்னது, உடம்புதான் ஒப்புக்கொள்ள மறுத்தது. குரல் உடைந்ததே பதினெட்டில். முகவாயில் மொத்தம் மூன்று முடி. மழித்தால் கூட்டாளிகளைக் கூட்டி வரும் என்று எவனோ சொன்னதை நம்பி அந்த மூன்றையும் தினமும் மழித்தான். ஒன்றும் வரவில்லை, பாவம். அம்மாவோ மான்கொம்புக் கஷாயத்தைக் கிண்ணம் கிண்ணமாக நீட்டி, "உங்கப்பாவும் பட்டாளத்துக்குப் போய்த்தான்டா வளந்தாரு" என்பாள். ஊரில் எல்லாப் பையன்களும் போயாக வேண்டிய பட்டாளத்துக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது. அதுவரை நாக்யோங் காத்திருப்பாளா?

நாக்யோங் அவன் கல்லூரியில் படிக்கிறவள். மூன்று வாரமாக இருவரும் சேர்ந்து சுற்றினார்கள். பக்கத்தில் நின்றால் அவன் அவளைவிட ஒரு விரல் உயரம். அந்த உயரம் ஷூவுக்குள் இருந்தது. குதிகாலுக்கடியில் ரப்பர் மெத்தை, காலுக்கு மூன்று அடுக்கு! இது தெரிந்தால் அவள் போய்விடுவாள் என்று அவன் முடிவே கட்டியிருந்தான். அதனால் காபிக்கடை, சினிமா, ஆற்றங்கரை என்று ஷூ கழற்ற வேண்டாத இடமாகப் பார்த்துக் கூட்டிப் போனான். ஷூவை வாசலில் விட்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பிடும் கடைகள் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

அவளுக்கு ஒருநாள் கோழிச் சூப் குடிக்க ஆசை வந்தது. நம்ம ஐயா உஷாராகக் கடைக்காரம்மாவுக்குப் போன் போட்டார்.

"சித்தி, உங்க கடையில தரையிலயா உக்காரணும்?"

"அதெல்லாம் போச்சு தம்பி. பெருசுங்களுக்கு முட்டி வலிக்குதாம். போன மாசமே நாற்காலி போட்டாச்சு."

அப்பாடா என்று நெஞ்சைத் தடவிக்கொண்டான்.

நாற்காலி போட்டது உண்மைதான். ஆனால் அடியில் சூடேற்றிய தரை, அதன்மேல் பளபளவென்று துடைத்த மஞ்சள் விரிப்பு, வாசலில் ஷூ அலமாரி எல்லாம் அப்படியே இருந்தன. நாற்காலி வந்துவிட்டால் ஷூவோடு நுழையலாம் என்று எவன் சொன்னான்? அவனேதான் நினைத்துக்கொண்டான். நாக்யோங் தன்னுடையதைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே காலெடுத்து வைத்தாள்.

"நீ முன்னால போ. லேஸ் சிக்கிடுச்சு."

அவள் தலை மறைந்ததும் மெத்தைகளை உருவி சாக்ஸுக்குள் திணித்தான். பிறகு நடந்தான் பாருங்கள், முட்டையிடப் போகிற வாத்து தோற்றது.

எப்படியோ உட்கார்ந்தான். சூப் வந்தது. பாதிச் சூப்பில் அவள், "தண்ணி எடுத்துட்டு வர்றியா?" என்றாள். தண்ணீர்க் குழாய் கடைக்கோடியில் இருந்தது. நாலாவது எட்டில் வியர்த்த காலிலிருந்து ஒரு மெத்தை நழுவி, சாக்ஸ் விளிம்பைத் தாண்டி, வழுக்கிக்கொண்டு போய்க் கடை நடுவில் நின்றது.

கடைக்காரம்மா அதைக் குனிந்து எடுத்துத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள். "யாருதுப்பா இது? இன்னும் சூடு ஆறல!"

கடையில் ஆறு ஆண்கள் இருந்தார்கள். ஆறு பேரும் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டார்கள். லீவில் வந்த பட்டாளத்துக்காரன் ஒருவன், தோள் மட்டும் கதவகலம், கால்களை நைசாக நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டான்.

"யாரும் இல்லையா? அப்ப குப்பையில போட்டுடறேன்."

போடட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் ஒரு கால் உயரம், ஒரு கால் மட்டம் என்று எப்படித் திரும்பி நடப்பது? மூன்று வாரப் பயத்தில் அவனுக்கு அலுத்தும் போயிருந்தது.

"என்னோடதுதான் சித்தி" என்றான். அந்த நேரம் பார்த்துக் குரல் கீச்சிட்டது.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் அங்கேயே குனிந்து மற்ற ஐந்தையும் உருவிப் பையில் போட்டுக்கொண்டு, மேஜைக்கு வந்து நாற்காலியைப் பிடித்தபடி நின்றான்.

"இவ்வளவுதான் நான். போறதுன்னா போ. சூப்பையாவது முடிச்சுட்டுப் போ."

நாக்யோங் கரண்டியை வைத்தாள். எழுந்தாள். தோளைப் பின்னுக்குத் தள்ளி, கழுத்தை நீட்டி, மெதுவாக நிமிர்ந்தாள். நிமிர்ந்தாள், நிமிர்ந்துகொண்டே போனாள். கடைசியில் அவன் கண்ணுக்கு நேரே அவள் முகவாய் இருந்தது.

"அம்மாடி!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "மொத நாளே தெரியும்டா, கூழாங்கல்லுல நடக்கறவன் மாதிரி நடந்தே. உன் மனசு நோகக்கூடாதேன்னு மூணு வாரமாக் கூனிக் கூனி என் முதுகே போச்சு, பாவி! இனிமேலாவது நேரா நிக்கலாமா?"

சங்யுன் அண்ணாந்து பார்த்தான். இவ்வளவு அழகானவளையா இத்தனை நாள் கூன வைத்தோம் என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நில்லு" என்றான். "நல்லா நிமிந்து நில்லு."