நான்கு அங்குலம் கூடுதல்

பல்கலைக்கழகத்துக்கு வயது ஏற ஏற, அதன் வரலாற்றுத் துறைக்குத் தலைக்கனமும் ஏறிக்கொண்டே வந்தது. காரணம் ஒரே ஒரு புத்தகம். வளாகத்தின் பழைய கட்டடங்களை மண்டபம் மண்டபமாக அளந்து, எதை யார் எப்போது கட்டினார்கள் என்று புட்டுப்புட்டு வைத்த புத்தகம். எழுதியவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். இப்போதைய துறைத்தலைவிக்கு அவர் ஒருகாலத்தில் ஆய்வு வழிகாட்டி, பிறகு மாமனார்.

ஆண்டு விழாவுக்காக அதை மறுபதிப்புப் போட முடிவானது. பொறியியல் துறைக்காரர்கள் லேசர் கருவியோடு வந்து அறைகளை மறுபடி அளந்தார்கள். சின்ன அறையோ பெரிய மண்டபமோ, புத்தகத்தில் எல்லாமே நான்கு அங்குலம் கூடுதலாக இருந்தது.

குழுக் கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். "சார் தாராள மனசுக்காரர், அளவையும் தாராளமாத்தான் போட்டிருக்கார்," என்றார் பதிவாளர். சத்தம் காட்டாமல் திருத்திவிடலாம், தலைவி கையெழுத்துப் போட்டால் அச்சுக்கு அனுப்பிவிடலாம் என்றார்கள்.

அந்த நான்கு அங்குலத்தைத் துறைத்தலைவிக்குத் தெரியும்.

படிக்கிற காலத்தில் அவளுடைய தோழி இந்தக் கட்டடங்களைத்தான் ஆய்வுக்கு எடுத்திருந்தாள். கையில் இருந்ததோ முனை கிழிந்த துணி டேப். முதல் நான்கு அங்குலம் அதில் இல்லை. "வந்தபடி எழுதிப்போம்டி, கடைசியில எல்லாத்துலயும் நாலு கழிச்சுடலாம்," என்றாள் தோழி. மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் இவள்தான். அந்தக் கடைசி வரவே இல்லை. இருவருக்கும் வழிகாட்டியாக இருந்த அந்தப் பேராசிரியர் குறிப்புகளைப் புரட்டிவிட்டு 'குப்பை' என்றார். தோழி அவற்றை அவர் மேசையிலேயே விட்டுவிட்டு, ஆய்வுக்கும் முழுக்குப் போட்டுவிட்டுப் போனாள். பின்னால் புத்தகம் வந்தபோது, முன்னுரையில் 'என் கையாலேயே அளந்தேன்' என்றிருந்ததை இவளும் நம்பினாள். வழிகாட்டி பொய் சொல்வார் என்று எந்த மாணவிக்குத் தோன்றும்?

இப்போது திருத்திவிட்டால், தோழி அங்கே உழைத்ததற்கு இருந்த ஒரே தடயமும் அழிந்துபோகும்.

சாயங்காலம் மாமனாரிடம் நேராகவே கேட்டாள். அவர் பேப்பரைக்கூட மடிக்கவில்லை.

"அவ பாதியில விட்டுட்டுப் போயிட்டா. வீணாப் போறதை நான் எடுத்து எழுதினேன். பல்கலைக்கழகத்துக்கு ஒரு வரலாறு கிடைச்சுது. இதுல என்ன கெட்டுப்போச்சு?"

"குப்பைன்னு சொன்னது நீங்கதானே, மாமா."

"உன் டாக்டர் பட்டமும் அந்தப் புத்தகத்து மேலதான் நிக்குது. யோசிச்சுப் பேசும்மா."

யோசிக்காமல் என்ன, விடிய விடிய யோசித்தாள். பயமாகத்தான் இருந்தது. தன் ஆய்வு, கணவன், அந்த வீட்டில் இனி சாப்பிடப்போகிற ஒவ்வொரு வாய்ச் சோறும் கண்முன் வந்து நின்றன.

மறுநாள் கூட்டத்தில் அவள் கையெழுத்துப் போடவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். தோழியின் பெயர் அட்டையில் வராமல் மறுபதிப்பு வராது என்றும் சொன்னாள். பதிவாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். மாமனாருக்கு அதற்குள் யாரோ சொல்லிவிட்டார்கள் போலும். கணவன் போனில் கத்தித் தீர்த்தான்.

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு தோழியைக் கூப்பிட்டாள். தோழி இப்போது எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

"சார் புத்தகத்துல இருக்கிறதெல்லாம் உன் அளவுடி. நாலு கழிக்கணும்னு தெரியாம அப்படியே போட்டுட்டார்."

தோழி முதலில் கேட்டது இதைத்தான்.

"கழிச்சா சரியா வருதா?"

"எல்லா அறையும் சரியா வருது."

"அப்ப அது குப்பை இல்லையா," என்றாள் தோழி. "நான் இத்தனை வருஷமா நம்பிட்டு இருந்தேனேடி."