பிளேக் சீட்டில் பத்துக் கையெழுத்து

காசிநாதன் குடிசையின் மேல் ஏறி ஓலையைப் பிய்த்து எறிந்துகொண்டிருந்தான். கீழே நாலைந்து பேர் கொள்ளிக்கட்டையோடு நின்றார்கள்.

அது 1903. குடிசைக்குப் பின்னால் அன்று காலை மூன்று எலிகள் செத்துக் கிடந்தன. எலி விழுந்தால் பிளேக் என்று மாதனூர்ப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். குடிசைக்காரி சவுரியம்மாளின் புருஷனோ பிளேக் பரவியிருந்த கோலாரில் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்கிறவன். அவனைப் பார்த்துவிட்டு அவள் திரும்பி அரை மாதம்கூட ஆகவில்லை. ஊருக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

கிராம முன்சீப் பஞ்சாட்சரம் தள்ளிப்போய்ப் புங்கமரத்தடியில் நின்றார். கொளுத்தச் சொன்னவர் அவர்தான். ஆனால் அவர் கண் குடிசைப் பக்கம் போகவேயில்லை.

"உள்ள ஆம்பூர் தோல் கெடங்குக்குப் போற ஆவாரம்பட்டை கீது. அதயாவது எடுத்துக்கறேன்," என்றாள் சவுரியம்மாள்.

"பட்டையில நோவு ஒட்டினு இருந்தா? இன்னா பேச்சு பேசற நீ," என்றான் காசிநாதன்.

அவள் மடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்தாள். கோலாரிலிருந்து வருகிறவர்களை ரயிலடியில் சோதித்துச் சர்க்கார் கொடுக்கும் பிளேக் சீட்டு. அதைக் கொண்டுபோய்ப் பத்து நாளும் முன்சீப்பிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

"பத்து நாளும் உங்க வாசல் வெயில்ல வந்து நின்னேன் ஐயா. தள்ளி நில்லுன்னீங்க, நின்னேன். நோவு இல்லன்னு பத்து தபா கையெழுத்து போட்டீங்க. இப்ப நீங்களே சொல்லுங்க."

பஞ்சாட்சரம் மண்ணைப் பார்த்தார். "கையெழுத்து போட்டா, அப்பால நோவு வராதா?" என்றார். தன் குரலே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

"ஐயாவே சொல்லிட்டாரு. சீக்கிரம் கொளுத்துங்கப்பா," என்று காசிநாதன் கீழே குதித்தான். "எம் பொண்சாதி ஐயா வூட்டு நெல்லுக் குதிர்ல எறங்கி வாரினு கீறா. அவளுக்கு இங்க எலி விழுந்ததுல இருந்து ஒரே பயம்."

பஞ்சாட்சரம் விருட்டென்று நிமிர்ந்தார். "கோவிந்தம்மாளா? எங்க குதிர்லயா?"

ஓடிவந்து, முன்னால் நின்றவன் கையிலிருந்த கொள்ளிக்கட்டையைப் பிடுங்கி மண்ணில் தேய்த்தார்.

"ஓடு காசி. அவள வெளிய இழு. எலி செத்தது அந்தக் குதிர்ல. நான்தான் விடியறதுக்குள்ள இங்க கொண்டாந்து போட்டேன். வூட்ல யாருக்கும் சொல்லல."

காசிநாதன் ஓடினான். மற்றவர்களும் கொள்ளிக்கட்டைகளை மண்ணில் தேய்த்தார்கள். பஞ்சாட்சரம் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"நோவு வந்தவங்க மேல குத்தம் இல்ல. மறைக்கறவன்தான் குத்தவாளி. மறைச்சத ஏழை தலையில கட்டறவன் கொலைகாரன், என்னை மாதிரி. எல்லாரும் ஊர காலி பண்ணிட்டு வயக்காட்டுக்குப் போய்டுங்க."

"கோலார்ல இருந்து வந்தவ நான் ஒருத்திதானே," என்றாள் சவுரியம்மாள். "உங்க வூட்டுக்குள்ள நோவு எப்பிடி வந்தது?"

"எம் மாப்பிள்ளையும் வந்தாரு. ரயிலடியில சோதனைக்கு நின்னா மரியாத போய்டும்னு, கூண்டு வண்டியில கணவாய் வழியா நான்தான் வரச் சொன்னேன். நாலு நாளா உள்ள படுத்துனு கீறாரு. அக்குள்ல கட்டி."