பழியெல்லாம் கம்ப்யூட்டர் மேல்

அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைக்கிறவர். வேலையில் கெட்டி. ஃபிரேமில் லென்ஸ் ஒரு மயிரிழை பிசகி உட்கார்ந்தாலும் கழற்றி மறுபடி போடுவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் போதும், சாப்பிட்ட கை ஈரம் காய்வதற்குள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆட்களைச் சுடப் போய்விடுவார்.

நாலு பேர் ஓர் அணியாக இன்டர்நெட்டில் சேர்ந்து ஆடும் துப்பாக்கி விளையாட்டு அது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஹெட்போனில் வரும் குரல்தான் ஆள். அணியை நடத்துகிறவள் ஒரு நர்ஸ். எல்லாருக்கும் அவள் கேப்டன். ஒவ்வொரு ஆட்டத்திலும் முதலில் சுருண்டு விழுவது கண்ணாடிக்காரர்தான். விழுந்ததும் விழாததுமாக, "லேக் ஆயிடுச்சும்மா, கம்ப்யூட்டர் இழுக்குது" என்பார். சொல்லிச் சொல்லி, அணியில் அவருக்கு லேக் அண்ணன் என்றே பேர் நிலைத்துவிட்டது.

கம்ப்யூட்டர் பழசு என்பது பொய்யில்லை. அவர் மனைவி எம்பிராய்டரி டிசைன் போடுவதற்காக எப்போதோ வாங்கியது. தையல் கடைக்காரர்கள் கேட்கிற பூவையும் கொடியையும் அதில் வரைந்து, தையல் மெஷினுக்குப் புரிகிற ஃபைலாக மாற்றிக் கொடுப்பாள். அந்தக் கம்ப்யூட்டரை வேகமாக்க அவர் படாத பாடில்லை. பெட்டியைத் திறந்து, லென்ஸ் தூசி ஊதுகிற ரப்பர் பந்தால் மூலை முடுக்கெல்லாம் ஊதினார். சூடு தணிய பிராசசர் மேல் புதுசாகப் பேஸ்ட் தடவினார். மெமரி கூட்டினார். விளையாட்டில் நிழலை எடுத்தார், புல்லை எடுத்தார், படத்தின் தரத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் எதிரிகள் செங்கல் அடுக்கின மாதிரி கட்டம் கட்டமாகத் தெரிந்தார்கள். அப்படியும் முதலில் செத்தது அவர்தான்.

கடைசியில் மனைவியின் டிசைன் சாஃப்ட்வேர் மேல் கண் விழுந்தது.

"இதுதான் எல்லாத்தையும் தின்னுட்டு உக்காந்திருக்கு. நீ ஃபோன்லயே வரையலாமே. இப்ப எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றார், வாய் கூசாமல்.

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, எடுத்துடுங்க" என்றாள்.

ஃபைல்களைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டு சாஃப்ட்வேரை அழித்தார். அதற்கப்புறம் அவள் சோபா ஓரத்தில் ஃபோனை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, விரலால் வரைந்தாள். தலை வலிக்கிறது என்றாள். கடைக்குக் கூட்டிப்போய்க் கண்ணைச் சோதித்து, இருப்பதிலேயே நல்ல லென்சாகப் போட்டுக் கொடுத்தார். நம்மைப்போல் யார் செய்வார்கள் என்று அன்றைக்குக் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுகூட நடந்தார்.

இந்த நிலையில்தான் மனைவியின் தம்பி வந்தான். லிஃப்ட் மெக்கானிக். தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் கழற்றிப் போட்ட கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான்.

"மாமா, உங்களுக்காக எடுத்து வெச்சேன். மாட்டிட்டா பறக்கும் பாருங்க."

"மச்சான், நீ நல்லா இருப்ப!" என்று கையைத் தேய்த்துக்கொண்டார்.

"முதல்ல இப்ப எப்படி ஓடுதுன்னு பாத்துடறேன். அப்பத்தான மாட்டினப்புறம் வித்தியாசம் தெரியும்" என்று அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். ஹெட்போனை மாட்டவில்லை, குரல் ஸ்பீக்கரில் வந்தது. அணி ஏற்கெனவே காத்திருந்தது. ஆட்டம் தொடங்கிவிட்டது.

மனைவி காப்பி கொண்டுவந்தவள் கதவோரம் நின்றாள்.

தம்பி வாயைத் திறக்கவில்லை. சுவரோரமாகப் பதுங்கினான், நின்றான், சுட்டான். ஒருவன் விழுந்தான். படிக்கட்டில் ஏறி இன்னொருவனை வீழ்த்தினான். அதே செங்கல் மனிதர்கள், அதே இழுவைக் கம்ப்யூட்டர்.

"லேக் அண்ணே!" என்று கேப்டன் ஸ்பீக்கரில் கத்தினாள். "என்னண்ணே ஆச்சு இன்னிக்கு? பின்றீங்க! புதுக் கம்ப்யூட்டரா?"

கண்ணாடிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. காது மடல் இரண்டும் கொதித்தன. மைக் பக்கத்தில்தான் இருந்தது. ஆடுவது நானில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஜெயித்ததும் தம்பி சோம்பல் முறித்தான். "கொஞ்சம் இழுக்குதுதான் மாமா, இல்லன்னு சொல்லல. ஆனா ஆடறதுக்கு இது தாராளமாப் போதும். நான் கத்துக்கிட்டதே இதைவிட ஓட்டக் கம்ப்யூட்டர்ல." பிறகு திரையைத் துழாவிப் பார்த்தான். "எங்கக்கா உன் டிசைன் சாஃப்ட்வேர்? காணோம்?"

"அது இருந்தா கேம் ஸ்லோ ஆகுமில்ல?" என்றாள் அவள்.

"யாரு சொன்னா? திறந்து வெச்சாத்தான்கா மெமரி தின்னும். மூடி இருந்தா அது பாட்டுக்கு ஒரு ஓரமாக் கெடக்கும். எதுக்கு எடுத்தீங்க?"

கண்ணாடிக்காரர் தரையைப் பார்த்தார்.

"நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றாள் மனைவி. "இப்ப அவ்வளவா ஆர்டர் வரதில்லடா. காப்பி ஆறுது, குடி."

அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

தம்பி கார்டை மாட்டினான். திரையில் மரத்துக்கு இலை வந்தது, ஆட்களுக்கு மூக்கும் விழியும் வந்தன. "உக்காருங்க மாமா!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். எதிரே ஒருவன் நிதானமாக நடந்து வந்தான். அவன் சட்டைப் பொத்தான்வரை தெரிந்தது. அவன் துப்பாக்கியைத் தூக்குவதும் தெரிந்தது. இவர் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று யோசித்து முடிப்பதற்குள் சுருண்டு விழுந்தார்.

"என்னண்ணே?" என்றாள் கேப்டன்.

"லேக் ஆயிடுச்சும்மா."

பழக்கதோஷம், தானாக வந்துவிட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பக்கத்தில் நின்ற தம்பி எதுவும் காதில் விழாதவன்போலக் குனிந்து, ஏற்கெனவே இறுக்கிய திருகை மறுபடி இறுக்கினான்.

அவன் கிளம்பிப் போனதும் அவர் கம்ப்யூட்டரை அணைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். மனைவி காப்பி டம்ளரை எடுக்க வந்தாள்.

"அவன்கிட்ட ஏன் அப்படிச் சொன்ன?"

"பின்ன, என் தம்பி முன்னாடி உங்கள விட்டுக்கொடுக்கச் சொல்றீங்களா?"

"லேக்கும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எனக்கு ஆட வரல. அவ்வளவுதான்."

"தெரியும்."

"தெரியுமா? அப்புறம் ஏன் சாஃப்ட்வேர எடுக்க விட்ட?"

"அப்ப தெரியாது. எடுத்தப்புறமும் நீங்க அதே மாதிரி செத்தீங்களே, அப்பத்தான் தெரிஞ்சுது." சிரிக்கவில்லை, குத்திக் காட்டவும் இல்லை. அது அவரை இன்னும் படுத்தியது.

"கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா நீங்க கம்ப்யூட்டர் மேலதான் பழி போடுவீங்க. நான் ஒண்ணு சொல்ல, நீங்க ஒண்ணு சொல்ல, எதுக்குன்னு விட்டுட்டேன்."

அவர் எழுந்துபோய்ப் பென் டிரைவைத் தேடி எடுத்துவந்தார். சாஃப்ட்வேரைத் திரும்பப் போட்டார். அது ஏறி முடிகிறவரை திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஃபைல்களும் உள்ளே வந்ததும் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். அவள் உட்கார்ந்து, முதலில் கண்ணில் பட்டதைத் திறந்தாள். கழுத்தைச் சுற்றி வருகிற கொடி வேலைப்பாடு, பாதியில் நின்றிருந்தது. ஒரு பக்கம் இலையெல்லாம் முடிந்து, மறுபக்கம் வெறும் கோடாக இருந்தது.

"இது யாருக்கு?"

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தையல்காரம்மாவுக்கு. மொத்தமா ஆர்டர் தரேன்னாங்க. ஃபோன்ல போட்டுக் குடுத்தேன், தையல் கோணிக்கிட்டுப் போச்சு. வேற ஆளப் பாத்துக்கிட்டாங்க."

மழை வந்தது, போனது என்பதுபோலத்தான் சொன்னாள்.

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"என்னன்னு சொல்ல?"

அந்த நேரம் திரையோரத்தில் கேப்டனின் அழைப்பு வந்து மின்னியது. அவர் மவுசை வாங்கி, மைக்கைத் திறந்தார்.

"கேப்டன், நான்தாம்மா. மத்தியானம் நல்லா ஆடினது நான் இல்ல. என் மச்சான். அதுக்கப்புறம் செத்தேன் பாரு, அதுதான் நான். கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு. இத்தன நாளும் சும்மா சொல்லிட்டு இருந்தேன்."

அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

"பரவால்லண்ணே" என்றாள் கேப்டன். அந்தக் குரலிலிருந்த இரக்கம் அவரைக் கூனிக் குறுக வைத்தது. "இப்ப வரீங்களா?"

"இல்லம்மா. வீட்ல வேலை நடக்குது."

மைக்கை மூடிவிட்டு எழுந்து நின்றார். மனைவி மவுசைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வெறும் கோடாக நின்ற பக்கத்தில் முதல் இலையைப் போட்டாள். கை பழக்கம் விட்டுப் போயிருந்தது. கோணலாக வந்ததை அழித்தாள், மறுபடி போட்டாள்.

"ஞாயித்துக்கிழம மத்தியானம் நீங்க ஆடிக்குங்க" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் காலைல உக்காந்துக்கறேன்."

அவர் டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். குழாயைத் திறந்துவிட்டு, கழுவிச் சுத்தமாகிவிட்ட டம்ளரையே வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.