மூச்சை எண்ணிய மத்தியானம்

அண்ணி தொலைபேசியில் கூப்பிட்டது நல்ல சேதி சொல்லத்தான்.

"மூணு மாசத்துல இன்னைக்குத்தான் உங்கண்ணன் அசந்து தூங்கறாரு. குறட்டை வாசல் வரைக்கும் கேக்குது."

சின்னவள் கையிலிருந்த மருந்துச் சீட்டைக் கீழே வைத்தாள். வீட்டில் கடைசியாகப் பிறந்ததால் நாற்பது வயதிலும் அவள் சின்னவள்தான். மருத்துவமனை மருந்தகத்தில் பதினாறு வருடமாக மருந்து கொடுக்கிறாள். அண்ணன் பெயின்டர், ஒல்லியாக, உயரமாக இருப்பதால் கூட வேலை செய்பவர்கள் அவனை ஏணி என்பார்கள். சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் விரிசல் கண்டதிலிருந்து படுக்கைதான். மாத்திரைகள் சரிப்படாமல் டாக்டர் ஃபென்டனில் என்ற வலிமருந்துப் பட்டைக்கு மாற்றியிருந்தார். அபின் வம்சத்து மருந்து. முதுகில் தோள்பட்டைக்குக் கீழே ஒட்டிவிட்டால் மூன்று நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோல் வழியே இறங்கும். போன வாரம் அளவைக் கூட்டிய பட்டையை எடுத்துக் கொடுத்தவளே சின்னவள்தான்.

அண்ணன் குறட்டை விடுகிற ஆள் இல்லை.

வேறு ஏதாவது மாத்திரை போட்டாரா என்று கேட்டாள். இல்லை. குடித்தாரா? அதுவும் இல்லை. முதுகு பிடித்துக்கொண்டது என்றாராம். பக்கத்து வீட்டிலிருந்து கரண்டில் சூடாகும் ஒத்தடப் பையை வாங்கிவந்து, பத்து மணியிலிருந்து முதுகுக்கு அடியில் வைத்திருக்கிறாளாம். அதன்பிறகுதான் இந்தத் தூக்கம் என்று அண்ணி சந்தோஷமாகச் சொன்னாள்.

சூடு பட்டால் தோலில் ரத்த ஓட்டம் கூடும். சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டிய மருந்து மடை திறந்தாற்போல் இறங்கும். இதை ஆயிரம் பேருக்குச் சொன்னவள் அவள். பட்டையை வெட்டாதீர்கள், ஒன்றின்மேல் ஒன்று ஒட்டாதீர்கள் என்று அண்ணியிடமும் சொன்னாள். சூட்டைப் பற்றிச் சொன்னாளா? வரிசையில் பின்னால் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். "நம்ம வீடுதானே, அப்புறம் சொல்றேன்" என்று அனுப்பிவைத்தது நினைவுக்கு வந்தது.

"அண்ணி, பையை எடுங்க. பட்டையை உரிச்சு எடுத்துடுங்க. ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு விடறாருன்னு எண்ணுங்க."

அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு நின்ற இடத்தில் கால் தரிக்கவில்லை.

"ஆறு," என்றாள் அண்ணி. குரலில் இப்போது சந்தோஷம் இல்லை.

குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டும். உடன் வேலை பார்ப்பவரிடம் ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னாள். அவசரப் பிரிவு டாக்டர் விஷயத்தைக் கேட்டு, மூக்கில் அடிக்கும் முறிமருந்தான நலாக்சோன் ஸ்பிரே இரண்டைக் கையில் கொடுத்தார். வீடு நாலு தெரு தள்ளித்தான். வெள்ளைக் கோட்டோடு வெயிலில் ஓடினாள்.

வலி போய்ச் சேரும் இடத்தை மறித்து உட்காரும் மருந்து, மூச்சை நடத்தும் இடத்திலும் போய் உட்கார்ந்துவிடும். அதற்கு ஆள் பார்த்து உட்காரத் தெரியாது. மூச்சு விட வேண்டும் என்ற எண்ணமே உடம்புக்கு மறந்துபோகும். சிவப்பு விளக்கில் நின்ற வண்டிகளுக்கு நடுவே புகுந்து போகும்போது இதுவேதான் திரும்பத் திரும்ப அவள் தலைக்குள் ஓடியது.

"தோளைப் பிடிச்சுக் குலுக்குங்க. ஏதாவது பேசிக்கிட்டே இருங்க," என்று ஓடிக்கொண்டே போனில் சொன்னாள்.

"என்ன பேசறது?"

"என்னவாவது."

அண்ணி திட்ட ஆரம்பித்தாள். ஊரார் வீட்டுக்கெல்லாம் பெயின்ட் அடித்துவிட்டுச் சொந்த வீட்டுச் சுவரை உரிய விட்டதிலிருந்து தொடங்கினாள். நடுவில் நிறுத்திச் சொன்னாள்:

"திட்டினா மூச்சு விடறாரு."

"அப்ப நிறுத்தாதீங்க."

சின்னவள் உள்ளே நுழைந்தபோது அண்ணனின் உதடு நீலம் பாரித்திருந்தது. இமையை விலக்கிப் பார்த்தால் கண்மணி குண்டூசி முனையளவுக்குச் சுருங்கியிருந்தது. தலையைச் சாய்த்து மூக்கில் மருந்தை அடித்தாள். ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. இன்னொரு நிமிஷம். பிறகு தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வந்தவன் போல அண்ணன் மூச்சை இழுத்தான்.

நலாக்சோன் அந்த மருந்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் தான் உட்காரும். மூச்சு திரும்பும், அடக்கி வைத்த வலியும் மொத்தமாகத் திரும்பும். அண்ணன் வாந்தியெடுத்தான். "எதுக்குடி எழுப்பினே?" என்று முனகினான். ஆம்புலன்ஸ் வந்தபோது, நான்தான் நன்றாயிருக்கிறேனே என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டான்.

"இந்த ஸ்பிரே ஒரு மணி நேரம் தாங்கினா பெரிசு," என்றாள் சின்னவள். "உரிச்சு எடுத்தாலும் தோலுக்குள்ள இறங்கின மருந்து நாளைக்கு வரைக்கும் இருக்கும். திரும்ப மூச்சு குறையும். சூடு வைக்கக் கூடாதுன்னு நான் சொல்லியிருக்கணும், சொல்லல. தப்பு என்னோடது. சண்டையை அப்புறம் போடு, இப்ப கிளம்பு."

அண்ணன் அவளைப் பார்த்தபடி கட்டிலை விட்டான்.

அவள் சொன்னபடியே ஆயிற்று. அவசரப் பிரிவில் படுக்க வைத்து முக்கால் மணி நேரத்தில் கண் சொருகியது. மூச்சு எட்டுக்கு இறங்கியது. இரண்டாவது ஸ்பிரே, பிறகு மறுநாள் காலைவரை அதே நலாக்சோன் நரம்பு வழியே சொட்டுச் சொட்டாக. அண்ணி வராந்தாவில் சுவரைப் பார்த்தபடி, "பையை வச்சது நான்தானே," என்றாள். சின்னவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நடந்ததை அப்படியே எழுதித் தலைமை மருந்தாளுநரிடம் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு, விளக்கம் கேட்பார்கள், தயாராக இரு என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் டாக்டர் பட்டையை நிறுத்திவிட்டு, குறைந்த அளவு மார்பின் மாத்திரை எழுதினார். வலி முழுக்கப் போகாது, உட்காரும் அளவுக்குக் குறையும் என்றார். அண்ணன் தலையணையில் சாய்ந்திருந்தான். சின்னவள் கட்டிலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

"உக்காருடி, எனக்குத் தலை சுத்துது."

உட்கார்ந்தாள். அடுத்த நொடி எழுந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்," என்று அவன் குரலைத் தாழ்த்தினான். "ஒரு வாரமா வெளிக்குப் போகல. இதுவும் அந்த மருந்தாலதானா?"

அந்த வகை மருந்து குடலையும் மந்தமாக்கும். மற்றதெல்லாம் உடம்புக்குப் பழகினாலும் அது மட்டும் பழகாது. பட்டையோடு சேர்த்தே மலமிளக்கி கொடுத்திருக்க வேண்டும்.

"ஆமாண்ணா. அதையும் சொல்லல," என்றாள். டாக்டரைத் தேடிக்கொண்டு வேகமாக வெளியே போனாள்.