பிரிக்கக் கூடாத பொட்டலம்

நாரை அவிழ்த்தாள் காமாக்ஷி. வாழையிலைத் துண்டு மெல்ல விரிந்தது.

உள்ளே சிவப்பு.

கற்பகாம்பாள் சந்நிதியில் விளக்கு ஒளியைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை. ஒருவேளை கண் ஏமாற்றுகிறதோ என்று பொட்டலத்தை விளக்குப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். செம்பருத்தி இதழ்கள்தான். சந்தேகமே இல்லை.

வெள்ளை வந்தால் ஆபரேஷன். சிவப்பு வந்தால் வேண்டாம். அப்படித்தான் வேண்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பொட்டலங்கள். ஒன்றில் நந்தியாவட்டை, இன்னொன்றில் செம்பருத்தி. வெளியே இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அம்பாள் காலடியில் வைத்துத் தீபாராதனை காட்டிவிட்டு, குருக்கள் கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்தார்.

"வேண்டாம்னுட்டா" என்றார் பக்கத்தில் நின்ற அனந்தராமன். கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பக்தி என்றுதான் காமாக்ஷி நினைத்தாள்.

குருக்கள் மற்றப் பொட்டலத்தையும் நீட்டினார். "இதைப் பிரிக்கப்படாது, மாமி. அப்படியே ஜலத்துல விட்டுடுங்கோ. பிரிச்சா அவ வாக்கைச் சந்தேகப்பட்டதா ஆயிடும். உங்க ஆத்துக்கு ஆகாது."

"தெரியும் மாமா."

வெளியே தெப்பக்குளம் வறண்டு, அடிமண் வெடித்துக் கிடந்தது. தொண்ணூற்று மூன்றாம் வருஷத்துக் கோடை. ஜலத்துக்கு எங்கே போவது?

"சாந்தோமுக்குப் போய் நானே சமுத்திரத்துல விட்டுட்டு வரேன்" என்றார் அனந்தராமன். ஆனால் அன்று வெயில் கடுமையாக இருந்தது. தலைவலியும் பிடித்துக்கொண்டது. பொட்டலம் பூஜை அலமாரியில், அம்பாள் படத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது.

அந்தத் தலைவலிதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

அனந்தராமன் கிண்டியில் ஒரு பம்பு கம்பெனியில் அக்கவுண்டன்ட். மாசி மாதத்தில் தலைவலி என்று ஆரம்பித்தது. பங்குனியில் எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன என்றார். அடையாறில் டாக்டர் ஸ்ரீனிவாசராகவன் ஸ்கேன் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, பேனா முனையால் ஓர் இடத்தைத் தொட்டார். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வெளுப்பு.

"கட்டி. கண்ணுக்குப் போற நரம்பை அழுத்தறது. உடனே எடுத்துடணும். தள்ளிப் போட்டா முதல்ல கண் போகும். அப்புறம் கண்ணோட நிக்காது."

"ஆபரேஷன்ல ஆபத்து உண்டா டாக்டர்?" என்று கேட்டாள் காமாக்ஷி.

"உண்டு. இல்லேன்னு சொன்னா பொய்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அனந்தராமன் ஸ்கேன் உறையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார். காமாக்ஷிதான் சொன்னாள்: "அம்பாளைக் கேட்டுடலாம்." கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷமாக எல்லாவற்றுக்கும் அவளைத்தான் கேட்டிருக்கிறாள். மகள் சாருலதாவைத் திருச்சி ஹாஸ்டலில் சேர்ப்பதற்கும் பூக்கட்டித்தான் பார்த்தாள். கேட்கிறவள் பொட்டலம் கட்டக் கூடாது என்பது அவள் வீட்டு வழக்கம். அதனால் எப்போதும் கட்டித் தருவது அனந்தராமன்தான்.

இப்போது பதில் வந்துவிட்டது. வேண்டாம்.

காமாக்ஷி அதைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொள்வது நாளுக்கு நாள் கஷ்டமாகிக்கொண்டு வந்தது.

ஒரு நாள் அனந்தராமன் ரசத்தைச் சாதத்தில் விடாமல் தட்டுக்குப் பக்கத்தில், தரையில் விட்டார். விட்டது தெரியாமல் பிசைய ஆரம்பித்தார். இன்னொரு நாள் நடுப்பகலில், ஜன்னல் வழியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போது, "லைட்டைப் போடேன் காமு, ஏன் இருட்டுல உக்காந்திண்டிருக்கே?" என்றார். அவள் எழுந்து போய்ச் சுவிட்சைப் போட்டாள். "ம், இப்ப தேவலை" என்றார் அவர்.

அன்று மின்சாரமே இல்லை.

காமாக்ஷி பர்ஸை எடுத்துக்கொண்டாள். அவருக்குத் தெரியாமல் பஸ் ஏறி அடையாறுக்குப் போனாள்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கோபிப்பார் என்று எதிர்பார்த்தாள். கோபிக்கவில்லை.

"அம்மா, நானும் காலம்பற பெருமாளைச் சேவிக்காம கத்தியைத் தொடறதில்லை. ஆனா அவர் எனக்குப் பூவைக் காட்டலை, ஸ்கேனைக் காட்டறார். நான் என்ன செய்ய?"

"அம்பாள் வேண்டாம்னு சொல்லிட்டாளே டாக்டர்."

"அப்போ ஒண்ணு செய்யுங்கோ. அவர் ரோட்டுல தனியாப் போகாமப் பாத்துக்கோங்கோ. பக்கவாட்டுல வர்றது எதுவும் இனிமே அவர் கண்ணுல படாது."

திரும்பி வந்து பூஜை அலமாரி முன்னால் நின்றாள். விளக்கை ஏற்றினாள். 'நீ சொன்னதைத்தானே கேட்டேன்? பின்னே ஏன் இப்படி?' அம்பாள் படத்துக்குப் பின்னால் பொட்டலத்தின் முனை தெரிந்தது. இலை சுருங்கிப் பழுப்பாகிவிட்டது. இன்னும் ஜலத்தில் விடவில்லை. அந்தக் குறைதானோ? செய்ய வேண்டியதைச் செய்யாமல் வைத்திருப்பதால்தான் வீட்டைப் பிடித்து ஆட்டுகிறதோ?

"ஏன்னா, நாளைக்கு நானே போய்ப் பொட்டலத்தைச் சமுத்திரத்துல விட்டுட்டு வந்துடறேன்."

ஈஸிசேரில் கண் மூடிப் படுத்திருந்த அனந்தராமன் சட்டென்று நிமிர்ந்தார்.

"நீ போக வேண்டாம். நான் போறேன்."

"உங்களால முடியாது."

"நான் சொன்னேனே, நான்தான் விடறேன்னு! உனக்கு என்ன அவசரம்?"

அவர் குரலை உயர்த்திப் பேசி அவள் கேட்டதில்லை. 

மறுநாள் காலையில் அவள் ரேஷன் கடைக்குப் போய்த் திரும்பியபோது ஈஸிசேர் காலியாக இருந்தது. வாசல் கதவு திறந்து கிடந்தது. ஓடிப்போய் அலமாரியைப் பார்த்தாள். பொட்டலம் இல்லை.

செருப்பைக்கூடப் போடாமல் தெருமுனை வரை ஓடினாள். எந்தப் பக்கம் போயிருப்பார்? 'பக்கவாட்டுல வர்றது எதுவும் கண்ணுல படாது.' மாட வீதியில் பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஹாரன் அடித்துக்கொண்டு போயின. ஒவ்வொரு ஹாரனுக்கும் அவளுக்கு உயிர் போய் வந்தது.

அப்போதுதான் ஓர் ஆட்டோ தெருவுக்குள் திரும்பி அவள் வீட்டு வாசலில் போய் நின்றது. பின்னாலேயே ஓடி வந்தாள். பின் சீட்டில் அனந்தராமன் சரிந்து உட்கார்ந்திருந்தார். தலையெல்லாம் ஈரம். வெள்ளைச் சட்டையின் இடது மார்பில், உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு.

"ஐயோ, ரத்தம்!"

"ரத்தம்லாம் இல்லம்மா, பயந்துக்காத." டிரைவர் இறங்கினான். காக்கிச் சட்டையில் பொன்னுரங்கம் என்று பெயர் தைத்திருந்தது. "அடி கிடி ஒண்ணும் படல. மயக்கமாய்ட்டாரு, மூஞ்சில தண்ணி அட்ச்சோம். அவ்ளோதான்."

"எங்கே? என்ன ஆச்சு?"

"லஸ் கார்னராண்ட. பஸ்காரன் ஆரன் அட்ச்சிக்கினே வர்றான், இவுரு பாட்டுக்கு நடு ரோட்ல போய்க்கினு கீறாரு. நான் கைய புட்ச்சி இஸ்க்கலன்னா, இன்னேரம் சட்னிதான். இன்னா நைனா, பீச்சுக்கு போணும்ன்றியே, லஸ்ஸுலயா பீச்சு கீதுன்னு கேட்டேன். பதிலே இல்ல, அப்டியே சாஞ்சிட்டாரு. தண்ணி பட்டதும் வூட்டு அட்ரஸ மட்டும் சொன்னாரு." அவன் அனந்தராமனைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுவந்து கட்டிலில் விட்டான். போகும்போது குரலைத் தாழ்த்தினான். "அம்மா, தப்பா நென்ச்சுக்காத. ஐயாவுக்குக் கண்ணு தெர்ல. இப்டி தனியா வுட்டுக்கீறியே, உங்க சாமி எத்தினி தபாதான் கைய புடிக்கும்?"

அவள் கட்டில் பக்கம் திரும்பினாள். 

அனந்தராமன் கண்ணை மூடிக்கொண்டு முனகினார். சட்டையைக் கழற்றி எடுத்தாள். மார்பு, முதுகு, விலா எல்லாம் தடவிப் பார்த்தாள். டிரைவர் சொன்னது நிஜம். ஒரு கீறல்கூட இல்லை.

அப்படியென்றால் இது என்ன கறை?

கொல்லையில் பக்கெட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கறை படிந்த இடத்தில் சோப்பைத் தேய்த்தாள். சிவப்பு கருத்தது. இன்னும் தேய்த்தாள். கருப்பில் பச்சை ஓடியது.

கை அப்படியே நின்றுவிட்டது.

ரத்தம் சோப்புப் பட்டால் பச்சையாகாது. அவளுடைய புடவைத் தலைப்பில் எத்தனை தடவை இந்தக் கறை பட்டிருக்கிறது! தினமும் காலையில் செம்பருத்தி பறிக்கிறவளுக்கு இது தெரியாதா?

சட்டைப் பையில் விரலை விட்டாள். நனைந்து ஊறிய இலைப் பொட்டலம் கையோடு வந்தது. நார் அவிழவில்லை. யாரும் பிரிக்கவில்லை. இலை மடிப்பிலிருந்து சிவப்பு நீர் அவள் மணிக்கட்டில் வழிந்து இறங்கியது.

நந்தியாவட்டைக்கு ஏது சாயம்?

பொட்டலத்தைக் கையில் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தாள். காலடிச் சத்தம் கேட்டு அனந்தராமன் தலையைத் திருப்பினார். அவர் பார்வை அவளைத் தாண்டிச் சுவரில் போய் நின்றது.

"காமுவா?"

"ரெண்டுலயும் சிவப்பையா கட்டினேள்?"

அவர் கை சட்டைப் பை இருக்க வேண்டிய இடத்தைத் தடவியது.

"பிரிச்சுட்டியா?" என்றார்.

"பிரிக்கலை. அதுவே சொல்லிடுத்து."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது.

"தலையைத் திறப்பாளாம் காமு. உள்ள நான்னா இருக்கேன்! மூடினப்புறம் நான் நானா இருப்பேனா? உன்னைத் தெரியுமா எனக்கு? சாருவைத் தெரியுமா? நினைச்சுப் பார்த்தேன். கை கால் எல்லாம் விட்டுப் போச்சு."

"மாட்டேன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா விட்டிருப்பியா? எடுத்துச் சொல்லி, அழுது, சாருவை வரவழைச்சு, எப்படியாவது கொண்டுபோய்ப் படுக்க வெச்சிருப்பே. உன்னை நிறுத்தறதுக்கு அம்பாளைத் தவிர யாரு இருக்கா, சொல்லு?"

அவள் ஓங்கி அறைந்திருப்பாள். அவளுக்கே அது தெரிந்தது. கையில் பொட்டலம் இருந்ததால் அறையவில்லை. இத்தனை நாள் ரசத்தைத் தரையில் விட்டவரைப் பார்த்து, 'அம்பாள் சொல்லிட்டா, அம்பாள் சொல்லிட்டா' என்று ஜபம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாளே! அம்பாள் ஒன்றுமே சொல்லவில்லை. அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவே இல்லை.

"பழி முழுக்க அவ தலையில போட்டுட்டேளே. நானும் நம்பினேன். மனசுக்குள்ள அவளோட சண்டைகூடப் போட்டேன்."

"அவதான் தண்டிக்கறா. வலது கண் சுத்தமாத் தெரியலை, காமு. மூணு நாளாச்சு. உன்கிட்ட சொல்லலை."

காமாக்ஷி பொட்டலத்தைக் கீழே வைத்தாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

அவர் தடவித் தடவி அவள் கையைப் பிடித்தார். "இன்னொரு தரம் கேட்டுடலாம். இந்தத் தடவை நீயே கட்டு. வேற யாரையாவது எடுக்கச் சொல்லு. வெள்ளை வந்தா பேசாம வந்து படுத்துக்கறேன். சத்தியம்."

எழுந்துவிட்டாள். கொல்லைக் கதவு வரை போனாள். செடியில் நந்தியாவட்டை பூத்திருந்தது. செம்பருத்தியும் இருந்தது. கையை நீட்டினால் எட்டும். எவ்வளவு சுலபம்! ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். பாரம் இறங்கிவிடும்.

திரும்பவும் சிவப்பு வந்தால்?

 பஸ் மேலே ஏற வந்ததும் தெரியாத மனுஷரை வீட்டில் பூட்டி வைத்துக்கொண்டு, அவர் கண் அணைவதைப் பார்த்துக்கொண்டிருப்பாளா? 'நீ சொன்னாய்' என்று மறுபடியும் அம்பாளையே கை காட்டுவாளா? இத்தனை வருஷம் கேட்டதெல்லாம் என்ன? நல்லது நடக்கும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளத்தானே?

பூவைத் தொடாமல் திரும்பி வந்தாள்.

"கேக்கப் போறதில்லை" என்றாள். "கிளம்புங்கோ. சாயங்காலமே அட்மிட் ஆயிடலாம்."

"என்ன ஆகும்னு தெரியாமலா?"

"தெரியாமத்தான். தெரிஞ்சுண்டு போறதுக்கு அவ எதுக்கு? அவளை ஒண்ணே ஒண்ணு வேண்டிக்கறேன், கூட வான்னு. பதில் வேண்டாம்."

"எனக்குப் பயமா இருக்கு."

"இருக்கட்டும். பயத்தோடயே வாங்கோ."

பக்கத்து வீட்டுப் போனிலிருந்து திருச்சிக்குப் பேசினாள். சாருலதா இரவு ரயிலில் புறப்பட்டு வந்து சேர்ந்தாள்.

புதிய ஸ்கேனைப் பார்த்த டாக்டர் ஸ்ரீனிவாசராகவன் பழைய படத்தையும் எடுத்துப் பக்கத்தில் மாட்டினார். 

"வளர்ந்திருக்கு. பக்கத்துல ரத்தக் குழாய் மேலயே ஒட்டிண்டிருக்கு. முன்னாலேயே வந்திருந்தா..." பாதியில் நிறுத்திக்கொண்டார். "வலது கண்ணை மறந்துடுங்கோ. இடதைக் காப்பாத்தப் பார்க்கறேன். உயிரை... பார்க்கறேன் அம்மா. வார்த்தை குடுக்க மாட்டேன்."

"வேண்டாம் டாக்டர். உங்ககிட்டயும் வார்த்தை கேக்கலை."

மொட்டையடித்த தலையோடு அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடிக்கொண்டது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. சாருலதா அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நடுவில் ஒரு நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு வேகமாக ஓடினாள். ரத்தப் பைகளோடு திரும்பி ஓடினாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. காமாக்ஷியின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. 'கூட இரு. உள்ளே போய் இரு. எனக்குத் துணை வேண்டாம், அங்கே போ.' பிழைக்க வை என்ற வார்த்தை நுனி நாக்கு வரை வந்து வந்து போயிற்று. அதை அவள் சொல்லவில்லை.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் டாக்டர் வந்தார். சட்டையெல்லாம் வேர்வை.

"நடுவுல ரத்தம் பிச்சுண்டுது. நிறுத்திட்டோம். கட்டியை எடுத்தாச்சு, கொஞ்சம் விட்டு வெச்சிருக்கேன். இனிமே முழிச்சாத்தான் தெரியும்."

"என்ன தெரியும்?"

"யாரா முழிக்கறார்னு."

இரண்டு நாள் அவர் விழிக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவளை உள்ளே கூப்பிட்டார்கள். தலை முழுக்கக் கட்டு. முகம் வீங்கி வேறு யாரோ மாதிரி இருந்தது. இடது கண் மட்டும் பாதி திறந்து, மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏன்னா..."

கண் அசையவில்லை. டாக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றார்.

காமாக்ஷி குனிந்து அவர் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். இனிமேல் தன்னைத் தெரியாத ஒரு மனுஷரோடுதான் வாழ வேண்டும் என்றால், அப்படியே வாழ்வது என்று அந்த நிமிஷத்தில் மனசுக்குள் ஒத்துக்கொண்டாள்.

கண் மெல்ல இறங்கியது. அவள் நெற்றிக்கு வந்தது. அங்கேயே நின்றது.

உதடு பிரிந்தது. குரல் காற்றாகத்தான் வந்தது.

"பயமா இருக்கு, காமு."

"எனக்கும்தான்" என்றாள் அவள்.