உப்புக் கரித்த ஐஸ்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். கவரைப்பேட்டை ரயிலடிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் பள்ளிக்கூடத்தில் இது எல்லாருக்கும் தெரியும். ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் கிறிஸ்டினா டீச்சர் என்றால் பிள்ளைகள் சாக்பீஸைக்கூடக் கீழே போடமாட்டார்கள். ஆனால் அந்தத் திங்கட்கிழமை வந்த கோபத்துக்கு இன்றுவரை எனக்குப் பெயர் வைக்கத் தெரியவில்லை.

ஒன்பதாம் வகுப்பு நடப்பது தகரக் கொட்டகையில். ஜூன் மாதம் பள்ளி திறந்தும் வெயில் தணியவில்லை. போன வருஷம் எட்டாம் வகுப்பும் இதே கொட்டகையில்தான் நடந்தது; இதே வெயிலில் என் மாணவி பூமிகா வலிப்பு வந்து பெஞ்சுக்கடியில் விழுந்தாள். அவள் அப்பா கலியன் ஊத்துக்கோட்டைப் பக்கம் சொந்த நிலத்தில் நெல் வைக்கிறவர். இந்த வருஷம் பள்ளி திறந்த அன்றே வந்து சொல்லிவிட்டார்.

"எம் பொண்ணு இந்தக் கொட்டாயில குந்த மாட்டா டீச்சர். ரூமு மாத்துனா படிப்பா, இல்லன்னா ஊட்டுல இருப்பா. படிப்பு பெருசா, உசுரு பெருசா?"

சீக்கிரம் அறை மாற்றித் தருகிறேன் என்று கெஞ்சி, அதுவரை அவளை வகுப்பில் உட்கார வைத்தேன். மாடியில் ஓர் அறை இருந்தது. இரண்டு ஃபேன், நல்ல காற்று. ஆனால் ஆபீஸ் சாமான்களைப் போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள். திறக்கச் சொல்லவேண்டிய கல்வி அதிகாரி துளசிராமன். நான் போன் மேல் போன் போட்ட பிறகு ஒரு வழி சொன்னார். கொட்டகைக்குள் சூடு நாற்பது டிகிரியைத் தாண்டுகிறது என்று அவர் கண்ணாலே பார்த்தால் அறையைத் திறந்துவிடுவாராம்.

அளக்கக் கருவி இருந்தது. தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்று பள்ளிக்குக் கொடுத்த சென்சார் பெட்டி. அதில் ஒரு வயர், வயரின் நுனியில் பேனா மூடி அளவுக்கு எவர்சில்வர் முனை, இன்னொரு பக்கம் எண் காட்டும் சின்னத் திரை. புதுக் கருவியை அப்படியே நம்பக்கூடாது. ஐஸைத் தூளாக்கி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, முனையை அதில் வைக்க வேண்டும். எண் அசையாமல் நின்றதும் பொத்தானை அழுத்தினால் அதுதான் ஜீரோ என்று எடுத்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் ஃப்ரிட்ஜ் ஏது? மீன் விற்கும் சின்னப்பொண்ணு அக்காவிடம் ஒரு பை ஐஸ் வாங்கி வந்தேன்.

ஐஸில் வைத்ததும் மைனஸ் மூன்று காட்டியது. புதுசு, தப்பாகத்தான் காட்டும், அதற்குத்தானே இந்த வேலை என்று பொத்தானை அழுத்திவிட்டேன். அன்று மதியமே கொட்டகையில் நாற்பத்திரண்டு காட்டியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். பூமிகா பலகையில் எண்ணை எழுதி, அதைச் சுற்றிக் கட்டம் போட்டாள். நான் துளசிராமனுக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமை வருகிறேன் என்றார்.

திங்கட்கிழமை காலை, அவர் முன்னால் எல்லாம் சரியாக இருக்கவேண்டும் என்று மறுபடி அதே மீன்கடை ஐஸை வாங்கி வந்து உடைத்தேன். பூமிகா ஒரு துண்டை வாயில் போட்டாள். ஐஸைக் கண்டால் சும்மா இருக்குமா பிள்ளைகள்? போட்டவள் உடனே துப்பினாள்.

"டீச்சர், உப்பு கரிக்குது."

"மீன் பொட்டியில இருந்த ஐஸைத் துன்னா பின்ன இனிக்குமா? போய் வாயக் கொப்புளி."

அவள் நகரவில்லை. "உப்பு போட்டா ஐஸு ஜீரோவுக்குக் கீழ போவும்னு நீங்கதானே டீச்சர் நடத்துனீங்க? அப்ப நாம வெச்ச ஜீரோ தப்பு. மூணு டிகிரி ஜாஸ்தியா காட்டுது."

நானும் ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தேன். உப்புதான். இன்னும் குளிர்ந்தால் மீன் கெடாது என்று போட்டிருக்கிறார்கள், அவர்கள் பேரில் குற்றம் இல்லை. நாற்பத்திரண்டில் மூன்று போனால் எவ்வளவு என்று வகுப்பில் எல்லாருக்கும் தெரியும்.

அவளை வெளியே இழுத்துக்கொண்டு போனேன். "நாப்பதுக்குக் கீழ வந்தா உங்கப்பா இன்னா பண்ணுவாரு, தெரியுமா?"

"தெரியும் டீச்சர். நிறுத்திடுவாரு."

"தெரிஞ்சுமா வாயத் தொறந்த?"

அவள் அழுதுவிடுவாள் போலிருந்தது, ஆனால் அழவில்லை. "ஆனா முப்பத்தொம்போதுதானே டீச்சர்."

ஓங்கி ஓர் அறை வைக்கலாமா என்று வந்தது. கட்டிப்பிடித்துக்கொள்ளலாமா என்றும் வந்தது. இரண்டையும் செய்யாமல் ரோட்டோரத்து ஜூஸ் கடைக்கு ஓடி நல்ல ஐஸ் வாங்கி வந்தேன்.

துளசிராமன் வந்தார். வெளியே கலியனும் வந்து வேப்பமரத்தடியில் நின்றார். புது ஐஸில் ஜீரோவைச் சரியாக வைத்து, முனையைப் பூமிகாவின் பெஞ்சுக்கு மேலே தொங்கவிட்டோம். மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்து பார்த்தார், பாவம், சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. எண் முப்பத்தொன்பதிலேயே நின்றது.

"நாப்பது வரலயேம்மா. எனக்கும் மேல ஆளு இருக்கு, நான் இன்னா எழுதறது? தாண்டுச்சுன்னா போட்டோ அனுப்புங்க" என்று கிளம்பிப் போனார்.

கலியன் உள்ளே வந்து பூமிகாவின் பையை எடுத்தார். நான் குறுக்கே நின்றேன்.

"வுடுங்க டீச்சர். போன வருஷம் இங்க வந்திருந்தப்ப வாயில நொரையோட இவள தூக்கிக்கினு ஓடனது நானு. உங்களுக்கு அது நம்பரு, எனக்கு அது புள்ள."

வழி விட்டேன். பூமிகா திரும்பிப் பார்க்காமல் அவர் பின்னால் நடந்தாள். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. உண்மை பேசு, உண்மை பேசு என்று பிள்ளைகளுக்குத் தினமும் சொல்லிக்கொடுத்துவிட்டு, பேசிய பிள்ளையை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேனே என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

முனையை அவள் பெஞ்சுக்கு மேலேயே தொங்கவிட்டிருந்தேன். தினமும் மத்தியானம் அதன் அடியில் போய் நிற்பேன். ஊரே மழைக்கு ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தபோது வெயிலுக்கு ஜெபம் பண்ணிய ஒரே ஆள் நான்தான். மற்ற பிள்ளைகளும் அதே கொட்டகையில்தான் வேகிறார்கள் என்று நினைத்து நடுவிலேயே நிறுத்திவிடுவேன்.

அடுத்த வாரம் ஒரு நாள் இலைகூட அசையவில்லை. திரையில் நாற்பது புள்ளி ஆறு. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. ஜூஸ் கடைக்குப் போய் ஐஸ் வாங்கி, முதல் வேலையாக வாயில் போட்டுப் பார்த்தேன். பிறகு முனையை அதில் வைத்தேன். ஜீரோ. மறுபடி தொங்கவிட்டேன். அதே நாற்பது புள்ளி ஆறு. போட்டோ எடுத்து அனுப்பினேன். துளசிராமன் சொன்ன சொல் தவறவில்லை, மறுநாளே மாடி அறையைத் திறந்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் ஷேர் ஆட்டோ பிடித்துக் கலியன் வீட்டுக்குப் போனேன். பூமிகா வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கலியன் நாற்காலி எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. மாடி அறை, ஃபேன், காற்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் முகம் இறுகியே இருந்தது.

பூமிகா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். "எவ்ளோ டீச்சர்?"

"நாப்பது புள்ளி ஆறு."

அவள் முகம் மலரும் என்று பார்த்தேன். மலரவில்லை.

"எந்த ஐஸு?"

"ஜூஸ் கடை ஐஸு."

"வாயில போட்டுப் பாத்தீங்களா?"

கோபம்போலத்தான் குரல் வந்தது. "பாத்தேன்டி. உப்பு இல்ல."

அப்புறம்தான் அவள் அப்பாவைப் பார்த்தாள். கலியன் நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"நீங்க சொன்னதுக்காவ அனுப்பல டீச்சர். என்னைச் சமாதானம் பண்ண ஏதோ சொல்றீங்கன்னுதான் நெனச்சேன். ஆனா எம் பொண்ணு வுடாம கேட்டா பாருங்க, அதுக்காவ அனுப்பறேன். காலையில நானே கொண்டாந்து வுடறேன்."