விளக்குக்காரரின் இடது கால்

பெரியவர் திரையின் ஓரத்திலிருந்து நடந்து வந்தார். தோளில் ஏணி, கையில் விளக்குப் பெட்டி. வலது கால் தரையில் பதிந்தது. இடது கால் ஒரு கணம் பின்தங்கி, யாரோ பிடித்து வைத்திருந்ததை விடுவித்துக்கொள்வதுபோல இழுபட்டு வந்து சேர்ந்தது. நடுத்திரைக்கு வந்ததும் நின்று, அண்ணாந்து, அணைந்துபோன ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தார். அறையில் குளிர்சாதனத்தின் உறுமலைத் தவிர வேறு சத்தமில்லை. அரசின் தேர்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கிய அம்மையார் பேனா மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார்.

"இன்னொரு தடவை போடுங்க."

நடை மறுபடியும் போட்டாள். ஸ்டுடியோவில் அவளுக்கு அதுதான் பெயர். கார்ட்டூன் படத்தில் வரும் மனிதர்கள், பூனைகள், கரடிகள் எல்லாரையும் நடக்கவைப்பது அவள் வேலை. முகத்தை மாற்றிவிடலாம், ஆளைக் காட்டிக்கொடுப்பது நடைதான் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். சம்பளப் பட்டியலைத் தவிர எல்லா இடத்திலும் அவள் நடைதான்.

ஸ்டுடியோ அவளோடு படித்தவனுடையது. பல வருடம் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு அவர்களுடைய கரடிகளை நடக்கவைத்துக் கொடுத்துத்தான் வாடகை கட்டினார்கள். ஒருநாள் கரடிகள் வருவது நின்றுபோனது. இவர்களைவிட மலிவாகச் செய்ய வேறு நாட்டில் யாரோ கிடைத்துவிட்டார்கள், அல்லது ஏதோ ஒரு இயந்திரம் கிடைத்துவிட்டது. யாரும் காரணம் சொல்லவில்லை. பாதி நாற்காலிகள் காலியாகக் கிடந்த அந்தச் சமயத்தில்தான் அரசு, டிஜிட்டல் படைப்புத் தொழில் வளர்ச்சித் திட்டத்தை அறிவித்தது. நம் கதைகளை நாமே படமாக்குவோம், உலகச் சந்தைக்குக் கொண்டுபோவோம் என்றார்கள். நட்சத்திரங்களுக்கு விளக்கேற்றும் ஒரு கிழவரின் கதையை இவர்களும் அனுப்பினார்கள். தேர்வானது. முதல் தவணைப் பணமும் வந்தது. 'இனிமே நமக்கு முதலாளி அரசாங்கம், நானும் உங்களை மாதிரி கூலிதான்' என்று நண்பன் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். அடுத்த தவணை இன்றைய பார்வையிடலைப் பொறுத்தது. குழுவினர் அறைக்குள் வரும்போது அவன் நாற்காலிகளை நேராக்கிக்கொண்டே இருந்தான்.

"கதையில எங்கயாவது இவருக்குக் கால்ல அடிபடுதா?" என்று கேட்டார் அம்மையார்.

"இல்லைங்க மேடம்."

"அப்ப ஏன் இழுத்து நடக்கணும்?"

நடைக்குப் பதில் தெரியும். அவர் அப்படித்தான் நடப்பார். ஆனால் அதை ஒரு பதிலாக அந்த மேஜைமேல் வைக்க முடியாது. அவளுக்குப் பதிலாக நண்பன் ஏதேதோ சொன்னான். யதார்த்தம் என்றான், குழந்தைகளின் பரிவு என்றான். அம்மையார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கெட்டவரல்ல. முகத்தில் களைப்பு இருந்தது, கனிவும் இருந்தது.

"எனக்குப் பிடிச்சிருக்கும்மா. ஆனா எனக்குப் பிடிச்சா மட்டும் பத்தாது. வெளிநாட்டுக்காரன் பாக்கப்போற படம். நம்ம நாடே இப்படித்தான் இழுத்துக்கிட்டு நடக்குதுன்னு நினைச்சிரக் கூடாதில்ல?"

குழுவில் ஒருவர் சிரித்தார். அவருக்கு முன்பே நண்பன் சிரித்துவிட்டிருந்தான். நடையைக் கொஞ்சம் நேராக்கிக் காட்டினால் மற்றதெல்லாம் சரி என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்கள்.

"ஒரு கால்தானேடி," என்றான் நண்பன், அவர்கள் கார் போன பிறகு.

"உனக்கு ஒரு கால்."

"இந்தத் தவணை வரலைன்னா எல்லாரும் வீட்டைப் பாக்க நடக்க வேண்டியதுதான். அந்த நடையையும் நீயே போட்டுக் குடு."

அது யாருடைய கால் என்று அவனிடம் அவள் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை. அப்பா மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிறவர். அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்குமுன்பே ஒரு மழைநாளில் கம்பத்திலிருந்து விழுந்தார். கால் கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. அதன்பிறகு அவள் அறிந்த அப்பா அந்தக் கால்தான். சாயங்காலம் ஜன்னலோரம் படித்துக்கொண்டிருப்பாள். தெருமுனையில் எத்தனை பேர் நடந்தாலும், ஒரு பதிவும் ஓர் இழுப்பும் கேட்டதும் புத்தகத்தை மூடுவாள். அந்த இழுப்பை வைத்தே அன்றைக்கு அவர் என்ன மனநிலையில் வருகிறார் என்று சொல்லிவிடுவாள். வேலையில் சேர்ந்த பிறகு ஒருமுறை போனில் பிடிக்கப் பார்த்தாள். 'என் நொண்டியைப் படம் புடிச்சு ஊருக்குக் காட்டப் போறியா' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அவள் கேட்கவில்லை. கண்ணாலேயே பார்த்துப் பார்த்து, ராத்தூக்கத்திலும் பார்த்து, விளக்குக்காரருக்குப் போட்டுக் கொடுத்தாள். இடுப்பு எவ்வளவு சாயும், தோள் எப்போது ஏறும், இழுபட்ட கால் தரையைத் தொடுமுன் எவ்வளவு தயங்கும், எல்லாம்.

அந்த நடை முடிந்த சில வாரங்களில் அப்பா குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். இப்போது தன் அறைக் கட்டிலில் கிடக்கிறார். பேச்சு இல்லை. குழாய் வழியாகத்தான் உணவு. கண் மட்டும் ஆளைத் தொடரும். வலது கை விரல்களில் கொஞ்சம் உயிர் இருக்கிறது என்றார் வைத்தியர். அந்த விரல்கள் அசைந்து என்ன சொல்கின்றன என்று வீட்டில் யாருக்கும் புரிந்ததில்லை.

மறுநாள் மத்தியானம் அவள் அந்தக் கோப்பைத் திறந்தாள். அவர்கள் வேலையில் ஒரு நடையை ஒரே ஓர் இடத்தில்தான் வைப்பார்கள். படத்தின் எல்லாக் காட்சிகளும் அங்கிருந்துதான் அதை எடுத்துக்கொள்ளும். அதனால் எதைத் தொடுமுன்னும் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான். நகலில்தான் வேலை செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு இடுப்பின் சாய்வை நிமிர்த்தினாள். தயக்கத்தை எடுத்தாள். பெரியவர் விறுவிறுவென்று, தபால்தலையில் வரும் தலைவரைப்போல நடந்தார். அவளுக்கு அவரைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அந்தச் சமயத்தில் அம்மா போன் செய்தாள். அப்பா கட்டிலிலிருந்து உருண்டுவிட்டார், தூக்க முடியவில்லை, சீக்கிரம் வா. கை தன்னால் போய்ச் சேமிப்பை அழுத்தியது. பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பக்கத்து வீட்டுக்காரரும் அவளுமாகத் தூக்கிக் கிடத்தினார்கள். அம்மா ஒரு பக்கம் அழுதுகொண்டும் மறுபக்கம் அவரைத் திட்டிக்கொண்டும் இருந்தாள். 'எங்க போகணும்னு இப்படி உருண்டீங்க, என்னை விட்டுட்டு எங்க போகணும்?' நடை போர்வையை விலக்கிக் கால்களைச் சரிசெய்தாள். வாழ்நாள் முழுக்க ஒன்றோடொன்று சேராத இரண்டு கால்களும் இப்போது சரிசமமாக, அடக்கமாக, பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அவள் வெகுநேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ஸ்டுடியோவில் எல்லாரும் சிரித்த முகமாக இருந்தார்கள். அவள் போன பிறகு நண்பன் புது நடையைப் பார்த்திருக்கிறான். உடனே காட்சிகளை அதோடு ஓடவிட்டுக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறான். அம்மையாரே போனில் கூப்பிட்டு நன்றி சொல்லியிருக்கிறார். நடை தன் இடத்தில் உட்கார்ந்து பழையதைத் தேடினாள். நகல் இல்லை. அசலின் மேலேயே அவள் எழுதியிருந்தாள். அலுவலகத்தின் காப்பு வட்டும் வழக்கம்போல ராத்திரி ஓடி, பழையதை அழித்துப் புதியதை வைத்துக்கொண்டிருந்தது. முதலில் எடுத்த முன்னோட்டப் படத்தில் பெரியவர் இடுப்புக்கு மேலேதான் வருவார். குழுவுக்குக் காட்டியதும் அவள் கணினியிலிருந்து நேராக ஓட்டியதுதான். யாரிடமும் பிரதி கிடையாது. வேறு எங்கும் இல்லை என்று தெரிந்த பிறகும் கை தேடிக்கொண்டே இருந்தது.

"நீதானே சேவ் பண்ணே?" என்றான் நண்பன்.

"நான்தான்."

அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டான். "வேணும்னா திரும்பப் போட்டு வெச்சுக்க. உனக்குத் தெரியாத நடையா?"

போட்டாள். அன்று முழுக்கப் போட்டாள். இடுப்பைச் சாய்த்தாள், தோளைத் தூக்கினாள், காலைப் பின்தங்கவிட்டாள். திரையில் ஒருவர் நொண்டினார். யாரோ ஒருவர். பிச்சை கேட்க வருகிறவர், அடிபட்ட விளையாட்டு வீரர், செருப்பு கடித்தவர். அப்பா மட்டும் வரவில்லை. கண்ணை மூடினால் கட்டிலில் இருந்த இரண்டு கால்கள்தான் தெரிந்தன. முன்பு தெரிந்ததையெல்லாம் அவை வந்து மறைத்துக்கொண்டன. பக்கத்து நாற்காலியில் யாரோ புது நடையோடு முதல் காட்சியை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் வந்தார், நின்றார், அண்ணாந்தார், மறுபடியும் வந்தார்.

மூன்று மணிக்கெல்லாம் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். அம்மா மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். அப்பாவின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. கட்டிலிலிருந்து வெளியே இருக்கும் நடைவழி தெரியாது. ஸ்டூலின் மேல் தண்ணீர்ச் சொம்பை வைத்து அதில் போனைச் சாய்த்து நிறுத்தினாள். செருப்பைக் கழற்றினாள். கோடியிலிருந்து நடந்து வந்தாள். வலதைப் பதித்து, இடதை இழுத்து. போனில் பார்த்தாள். பொய். மறுபடியும் நடந்தாள். உடம்பை மறந்துவிட்டுச் சத்தத்தை மட்டும் ஞாபகப்படுத்த முயன்றாள். ஜன்னலோரம், மூடாத புத்தகம், தெருமுனை. சிமெண்டுத் தரையில் பாதம் உரசியது.

வாசலில் அம்மா மருந்துப் பையோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"அந்த மனுஷன் காதுல விழுதுடி," என்றாள் மெதுவாக. "படுத்துக் கிடக்கிறவருக்கு நொண்டிக் காட்டுறியா?"

"இல்லம்மா."

"பின்ன என்ன?"

சொல்லத் தொடங்கினால் நாடு, குழு, காப்பு வட்டு என்று எங்கெங்கோ போக வேண்டியிருக்கும். அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவே போன் தன்பாட்டில் பதிவு செய்துகொண்டிருந்தது.

அப்போது அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. கட்டிலின் இரும்புச் சட்டத்தில் நகம் படும் சத்தம். ஒன்று. பிறகு நீண்ட இடைவெளி. பிறகு இன்னொன்று.

அம்மா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். நடை வலது காலை எடுத்துவைத்தாள். இடதை இழுத்துப் பதித்தாள். அவள் கால் தரையைத் தொட்டு வெகுநேரம் கழித்துத்தான் உள்ளே நகம் தட்டியது. நிறுத்து என்கிறாரா, இன்னும் அவசரப்படுகிறாய் என்கிறாரா என்று தெரியவில்லை. அவள் மறுபடியும் வலதை முன்னே வைத்தாள். இம்முறை இடதைப் பின்னாலேயே விட்டுவிட்டு, உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தபடி, கை சுவரைப் பிடித்திருக்க, மூச்சை அடக்கிக்கொண்டு அடுத்த சத்தத்துக்காக நின்றாள்.